பாலத்துக்கு இந்தப் பக்கச் சம்பளம்: மனிதவள அமைச்சுக்கும் ஜொகூர் மாநில அரசுக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மனிதவள அமைச்சர் அவர்களுக்கும், ஜொகூர் மந்திரி புசார் அவர்களுக்கும், ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலப் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜொகூர் பாருவை அடுத்த மாசாயில் நான் குடியிருக்கிறேன். திருமணத்துக்கு முன்பும் பின்பும் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். இப்போது ஜொகூர் பாருவில் ஒரு சிறிய இரும்புப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கடைசியில் சம்பளம் போடுவதும் நான்தான். இரண்டு நாட்டிலும் சம்பளம் எப்படிப் போடப்படுகிறது, அதில் எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்பது எனக்குத் தொழில் வழியாகவே தெரியும். அந்தத் துணிவில் இதை எழுதுகிறேன்.

2025 ஜனவரி 7ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் சிறப்பு மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், திறன்மிக்க 20,000 வேலைகள் என்று அறிவித்தீர்கள். எங்கள் வட்டாரத்தில் அன்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த 20,000 வேலைக்கும் சம்பளம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன். இந்த மண்டலம் ஜொகூர்க்காரர்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் மரியாதையாக வாழ வழி செய்யுமா, இல்லை சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும் ஊர் என்ற பெயரை எங்களுக்கு நிரந்தரமாக ஒட்டிவிடுமா?

என் அக்காள் பிள்ளைகள் இருவரும் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவர்கள். மூத்தவன் இங்கே ஜொகூரிலேயே பாசிர் கூடாங்கில் டெக்னீஷியன். அடிப்படைச் சம்பளம் 2,400 ரிங்கிட். ஓ.டி., ஷிப்ட் அலவன்ஸ் எல்லாம் சேர்ந்து 3,100 வரும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி), வேலையிழப்புக் காப்புறுதி போக கைக்கு 2,800 அளவில் வருகிறது. அவன் தங்கை சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் அதே மாதிரியான இயந்திரங்களோடு அதே வேலையைச் செய்கிறாள். அவளுக்கு 2,300 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), ஒரு காசு பிடித்தம் இல்லை. மாற்றினால் 7,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. அண்ணன் இரண்டு மாதம் உழைத்துக் கொண்டுவருவதைவிட அவள் ஒரே மாதத்தில் அதிகம் கொண்டுவருகிறாள். வீட்டில் யாருடைய சொல் எடுபடும் என்பதுகூட இப்போது மாறிவிட்டது. அண்ணனும் ஏஜெண்டிடம் பெயர் கொடுத்துவிட்டான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023இல் மலேசியத் தொழிலாளியின் நடுமச் சம்பளம் (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் இதற்கு மேலே) மாதம் 2,602 ரிங்கிட். அதே ஆண்டு சிங்கப்பூரில் முழுநேர வேலை பார்க்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் நடும வருமானம் 5,197 வெள்ளி. அதில் முதலாளி கட்டும் சேமநிதியும் அடக்கம். எண்ணாகவே இரண்டு மடங்கு, நாணயத்தை மாற்றினால் ஏழு மடங்கை நெருங்குகிறது. தலைக்கு இவ்வளவு என்று நாட்டின் மொத்த உற்பத்தியை வகுத்தாலும் அதே ஏழு மடங்குதான் வருகிறது: அந்த ஆண்டு அங்கே 80,000 அமெரிக்க டாலருக்கு மேல், இங்கே 12,000க்குச் சற்றுக் குறைவு.

அங்கே விலைவாசி அதிகம் என்பீர்கள். உண்மை. வாங்கும் திறனை வைத்துக் கணக்கிட்டால் அந்த ஏழு மடங்கு ஏறக்குறைய பாதியாகிவிடும். சிங்கப்பூரில் கார் வாங்கும் உரிமைச் சான்றிதழ் மட்டும் 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. வாடகைக்கு ஓர் அறை எடுப்பதற்கே சம்பளத்தில் மூன்றில் ஒன்று போய்விடும். நம் பக்கம் பெட்ரோலுக்கு அரசு மானியம் இருக்கிறது, கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு மருந்து கிடைக்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதம் சிங்கப்பூரிலிருந்து தொலைவில், வடக்கே உள்ள கோத்தா பாருவில் இருப்பவருக்குப் பொருந்தலாம், ஜொகூர் பாருவில் இருப்பவருக்குப் பொருந்தாது. சனி, ஞாயிறில் சிங்கப்பூர்க் கார்கள் வந்து இறங்கும் ஊர் இது. கடைக்காரர் அவர்களை வைத்துத்தான் விலை போடுகிறார். தாமான் உங்கு துன் அமினாவில் சாப்பாட்டுக் கடை விலைப் பலகையை ஒவ்வோர் ஆண்டும் திருத்தி எழுதுகிறார்கள். வீட்டு வாடகையும் அப்படித்தான். பாசிர் கூடாங் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, சிங்கப்பூர் வெள்ளி நிர்ணயிக்கும் விலையில் காய்கறி வாங்குகிறவர்கள் நாங்கள்.

இளைஞர்கள் சிங்கப்பூருக்கு ஓடுகிறார்கள், நாட்டுப்பற்று இல்லை என்று அவ்வப்போது மேடைகளில் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு எங்களைச் சுடுகிறது. எங்கள் பெற்றோர் உலு திராம், கூலாய், ரெங்கம் பக்கத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் கைமாறியபோது வேலையும் போனது, லயத்து வீடும் போனது. கையில் பத்திரம் என்று எதுவும் இல்லாமல் ஊருக்குள் வந்த அந்தக் குடும்பங்களில் பலவும் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு தரைவீடு வாங்க முடிந்தது சிங்கப்பூர்ச் சம்பளத்தால்தான். மகள் பேக்டரி பஸ் ஏறினாள், வங்கி கடன் கொடுத்தது. மாசாயிலும் ஸ்கூடாயிலும் தெருத் தெருவாக இந்தக் கதை இருக்கிறது. சீனக் குடும்பங்களிலும் மலாய்க் குடும்பங்களிலும் இதே கதைதான். சிங்கப்பூர் கொடுத்ததை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சம்பளச் சீட்டை ஒரு கணக்கராக மறுபடி பாருங்கள். பிடித்தம் இல்லை என்று பிள்ளைகள் சந்தோஷப்படும் இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

பாசிர் கூடாங்கில் இருக்கும் அண்ணனுக்கு இபிஎஃப்பில் அவன் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஆக 24 விழுக்காடு மாதாமாதம் சேர்கிறது. உட்லண்ட்ஸில் தங்கைக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் சிங்கப்பூர்க்காரிக்கு மத்திய சேமநிதியில் அவள் 20, முதலாளி 17, ஆக 37 விழுக்காடு சேர்கிறது. எங்கள் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பூஜ்யம். மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) வேலை செய்யும் மலேசியருக்குக் கிடையாது. விருப்பம் இருந்தால் இபிஎஃப்பில் தானே பணம் கட்டலாம் என்கிறீர்கள். கட்டலாம். வீட்டுக் கடன், கார்க் கடன், அம்மாவின் மருந்துச் செலவு, தம்பியின் படிப்பு எல்லாம் காத்திருக்கும்போது இருபத்தைந்து வயதுப் பெண் அறுபது வயதுக்காக மாதம் 1,500 ரிங்கிட்டைத் தானாக எடுத்து வைப்பாளா? சம்பளம் கைக்கு வருமுன் பிடித்தால்தான் அது சேமிப்பு.

விளைவை என் வயதுக்காரர்களிடம் பார்க்கிறேன். இபிஎஃப் வாரியம் 2019இல் 55 வயதில் அடிப்படையாக 240,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. மாதம் 1,000 ரிங்கிட் வீதம் இருபது ஆண்டுக்கு வரும் தொகை அது. வாழ்நாளின் நல்ல பகுதியைச் சிங்கப்பூரில் கழித்தவர்களுக்கு, அங்கே போகுமுன் இங்கே ஓரிரு ஆண்டு வேலை செய்த பணம் மட்டும் கணக்கில் கிடக்கிறது. வீடு இருக்கிறது, பிள்ளை படித்திருக்கிறது. ஆனால் முட்டி தேய்ந்து, பெர்மிட் முடிந்து திரும்பும்போது மாத வருமானம் என்று ஒன்றும் இல்லை. இவர்களை ஜொகூரின் அதிக வருமானக் குடும்பங்கள் என்று புள்ளிவிவரம் எண்ணிக்கொண்டிருந்தது.

விபத்து இதைவிடக் கொடுமை. மலேசியாவில் வேலை செய்பவர் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் சொக்சோ பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூர் முதலாளி சொக்சோவில் பணம் கட்டுவதில்லை. சிங்கப்பூரின் வேலைக்காயச் சட்டம் பெர்மிட் தொழிலாளிக்கும் உண்டு, அது நல்ல சட்டமும்கூட. ஆனால் அது வேலையிடத்துக் காயத்துக்கு. சொந்த மோட்டாரில் வரும் வழியில் நடப்பது அதன் கணக்கில் வராது. எங்கள் பிள்ளைகள் விடிகாலை நான்கு மணிக்கு மழைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் மோட்டாரில் போகிறவர்கள். ராத்திரி ஓ.டி. முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு திரும்புகிறவர்கள். அந்தச் சாலையில் விழுந்து கால் போன பையனின் வீட்டுக்கு நாங்கள் தெருக்காரர்கள் பணம் வசூல் செய்து கொடுத்தோம். எந்த நாட்டுச் சட்டமும் அவனுக்கு மாதப் பணம் தரவில்லை.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு சோதனைச் சாவடிகளையும் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். எட்டு மணி ஷிப்டுக்கு நான்கு மணிக்கு எழுந்து, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் தாய், பிள்ளையை விழித்த நிலையில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. இதை எந்த வாழ்க்கைத்தர அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி எல்லை மூடப்பட்டபோது இந்த வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று எல்லோரும் பார்த்தோம். முந்தின நாள் துணி மூட்டையோடு ஓடிப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்துக்கு அருகே தரையில் படுத்தார்கள். பாலம் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இடைப்பட்ட காலத்தில் போனவர்கள் பிள்ளைகளைத் தொலைபேசியில் வளர்த்தார்கள், போக முடியாதவர்கள் வேலையை இழந்தார்கள்.

இரண்டு நாடும் எப்படி இவ்வளவு விலகிப் போயின என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முடிவுகளுக்கு அதில் பாடம் இருக்கிறது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தபோது இங்கேயும் அங்கேயும் ஒரே நாணயம். தனித்தனி நாணயம் வந்த பிறகும் 1973 மே மாதம் வரை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். 1980இல்கூட ஏறக்குறைய சமம். 1997 நெருக்கடிக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கு இரண்டு ரிங்கிட்டுக்கு மேல் ஆனது, 2024 தொடக்கத்தில் மூன்றரை ஆனது. நாணயம் நோயல்ல, காய்ச்சல் காட்டும் கருவி. நோய் சம்பளத்தில் இருக்கிறது.

1979 முதல் 1981 வரை சிங்கப்பூரின் தேசியச் சம்பள மன்றம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வேண்டுமென்றே சம்பளத்தை உயர்த்தச் சொன்னது. மலிவுக் கூலியை நம்பி நிற்கும் தொழில் போய்விடட்டும், இயந்திரமும் திறனும் உள்ள தொழில் வரட்டும் என்பது எண்ணம். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1985இல் பொருளாதாரம் சரிந்தது, முதலாளிகளின் சேமநிதிப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10க்குக் குறைக்க வேண்டி வந்தது. ஆனால் திசையை மாற்றவில்லை. அங்கே நிற்க முடியாத தொழிற்சாலைகளில் பல எங்கே வந்தன? ஜொகூருக்கு. 1989இல் சிங்கப்பூர், ஜொகூர், ரியாவ் மூன்றையும் இணைத்து வளர்ச்சி முக்கோணம் என்று அறிவித்தபோதும் கணக்கு அதுதான்: மூலதனமும் மூளையும் அவர்களுடையவை, நிலமும் கூலியும் நம்முடையவை. அந்தக் கூலியும் ஏறக்கூடாது என்று நம் தொழிற்சாலைகளும் தோட்டங்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து நிரப்பின. வந்தவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை, அவர்கள் எங்கள் தாத்தாக்களைப் போல் வயிற்றுக்காக வந்தவர்கள். அவர்களைக் காட்டி எல்லோருடைய சம்பளத்தையும் அடியில் கட்டிப்போட்டதுதான் தவறு.

இன்றுகூட நம் நாட்டின் மொத்த உற்பத்தியில் தொழிலாளிகளுக்குச் சம்பளமாகப் போவது மூன்றில் ஒரு பங்கு அளவே. அதை 45 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவோம் என்று 2023இல் மடானி பொருளாதாரத் திட்டத்தில் அரசே எழுதியிருக்கிறது. நல்ல இலக்கு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனதும் நல்ல காரியம். எங்கள் பட்டறையில் நானே அந்த உயர்வைப் போட்டேன், பட்டறை மூடிவிடவில்லை. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பொதுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இல்லாமலேயே, துப்புரவுத் தொழிலுக்குப் படிப்படியாகச் சம்பளம் உயரும் முறையை 2014 முதல் கட்டாயமாக்கி, உள்ளூர்த் துப்புரவாளரின் அடிப்படைச் சம்பளத்தை 2024 ஜூலையில் 1,740 வெள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2028 வரை ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு ஏறும் என்றும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாளிக்கும் தெரியும், தொழிலாளிக்கும் தெரியும். நம்மிடம் அடுத்த உயர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது, பட்ஜெட் இரவில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறோம்.

இனி மண்டலத்துக்கு வருகிறேன். தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 15 ஆண்டு வரை 5 விழுக்காடு வரி, அறிவுசார் பணியாளர்களுக்குப் பத்து ஆண்டு 15 விழுக்காடு வருமான வரி என்று சலுகை கொடுத்திருக்கிறீர்கள். வரிச்சலுகை என்பது எங்கள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வர வேண்டிய பணம். அதை விட்டுக்கொடுக்கும்போது பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனமும் மலேசிய டெக்னீஷியனுக்கு, ஆபரேட்டருக்கு, டிப்ளோமாக்காரருக்கு இன்ன சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும், அது ஆண்டுதோறும் இன்ன அளவு ஏற வேண்டும் என்று சலுகைக் கடிதத்திலேயே எழுதுங்கள். சிங்கப்பூர்ச் சம்பளத்தைக் கேட்கவில்லை. டெக்னீஷியனுக்கு 4,500 ரிங்கிட் இங்கேயே கிடைத்தால், கூடுதலாக மூன்று மணி நேரத் தூக்கமும், இபிஎஃப்பும், சொக்சோவும், பிள்ளையோடு இரவுச் சாப்பாடும் சேர்ந்து பாதிப் பேர் போகமாட்டார்கள். என் அக்காள் மகள் இதை என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

தரவு மையங்களைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூர் 2019 முதல் சில ஆண்டுகள் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுக்காமல் நிறுத்தியது. அவை கூலாய் பக்கம் வந்தன. செடெனாக்கில் செம்பனை நின்ற நிலத்தில் இன்று சன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. கோடிக் கணக்கில் முதலீடு என்று செய்தி வருகிறது. மின்சாரமும் தண்ணீரும் ஏராளமாகக் குடிக்கும் அந்தக் கட்டடங்கள் கட்டி முடிந்தபின் வேலை கொடுப்பது சிலருக்கே. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை ஆயிரம் கேலன் மூன்று காசு விலைக்குச் சிங்கப்பூருக்கு நீர் கொடுக்கும் மாநிலம் நாம். நீரையும் நிலத்தையும் கொடுக்கும்போது வேலையை எண்ணிக் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் கடலைக் கடக்க ஐந்து நிமிடம்தான், மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேர் போகலாம். அதை மனமார வரவேற்கிறேன். சாலையில் விழும் உயிர்கள் குறையும். ஆனால் இங்கே சம்பளம் இப்படியே இருந்தால் ரயில் எங்கள் பட்டறை வெல்டரையும், மருத்துவமனைத் தாதியையும், பள்ளிக்கூட ஆசிரியரையும் இன்னும் சுலபமாக ஏற்றிக்கொண்டு போகும். உலக வங்கி 2011இல் கணக்கிட்டபோதே வெளிநாட்டில் வாழும் மலேசியர் பத்து லட்சம் அளவில் இருந்தார்கள், அதில் பாதிக்கு மேல் சிங்கப்பூரில். நம் புள்ளிவிவரத் துறை 2024இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே வேலை பார்க்கும் மலேசியரில் மூன்றில் இரண்டு பங்கினர் வாங்குவது 1,500 முதல் 3,600 வெள்ளிக்குள்தான். கோடீஸ்வரர் ஆகப் போனவர்கள் இல்லை இவர்கள்.

போகிறவர்களுக்கும் உங்கள் கடமை முடியவில்லை. ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் சிங்கப்பூர் முதலாளி அந்நாட்டு அரசுக்கு மாதாமாதம் நூற்றுக்கணக்கான வெள்ளி லெவி (வெளிநாட்டுத் தொழிலாளிக்கான வரி) கட்டுகிறார். எங்கள் பிள்ளைகளின் தலைக்கு வாங்கும் பணம் அது. அதில் ஒரு பகுதி அந்தத் தொழிலாளியின் இபிஎஃப் கணக்கில் விழ வேண்டும் என்று பேச்சுவார்த்தை மேசையில் கேளுங்கள். கூடவே, தொழிலாளியின் பங்கைச் சம்பளத்திலேயே பிடித்து இங்கே அனுப்பும் ஏற்பாட்டையும் செய்யுங்கள். வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகட்டும், சேர்வது வழக்கமாக இருக்கட்டும். சொக்சோவில், சிங்கப்பூர் பெர்மிட் வைத்திருக்கும் ஒவ்வொரு மலேசியரையும் வீட்டு வாசலிலிருந்து வேலையிட வாசல் வரை காக்கும் ஏற்பாடு வேண்டும். விருப்பப்பட்டால் சேரலாம் என்ற திட்டத்தில் அடிபடப் போகிற இளைஞன் சேரமாட்டான். மண்டலத்துக்காக இரு நாட்டு அமைச்சர்களும் ஒன்றாக உட்காரும் இந்த நேரத்தைவிட நல்ல நேரம் இதற்கு வராது.

கடைசியாக, இன்றே செய்யக்கூடிய ஒன்று. மண்டலத்தில் எத்தனை திட்டம், எத்தனை கோடி என்று வெளியிடும் ஒவ்வொரு அறிக்கையிலும் இன்னொரு வரியையும் சேருங்கள்: சலுகை பெற்ற நிறுவனங்களில் வேலை செய்யும் மலேசியர் எத்தனை பேர், அவர்களின் நடுமச் சம்பளம் எவ்வளவு. இபிஎஃப் வாரியத்திடம் ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளமும் மாதாமாதம் பதிவாகிறது. நான் பட்டறைக்குக் கட்டுவதும் அப்படித்தான் பதிவாகிறது. புதிதாக ஆய்வு நடத்த வேண்டியதில்லை, யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. கூலாய், இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் என்று வட்டாரம் வாரியாக முதல் பட்டியலை இந்த ஆண்டு முடிவதற்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாசாயிலிருந்து ஒரு சம்பளக் கணக்கர்